குகனின் வெள்ளி அரைஞாண்

ஆகஸ்ட் 5, திங்கள்

எனக்குப் பயமில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். சாமி அலமாரியின் சிவப்பு பல்பு வெளிச்சம் இந்தப் பக்கத்துக்கு மட்டும் போதும். போன வருஷம் பள்ளிக்கூடத்தில் 'என் தம்பி' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். என் தம்பி குகனின் இதயம் தானாகச் சரியாகத் துடிக்காது, வயிற்றில் வைத்திருக்கும் பேஸ்மேக்கர்தான் அதைத் துடிக்க வைக்கிறது என்று எழுதினேன். தமிழ் மிஸ் அதை வகுப்பில் உரக்க வாசித்தார்கள். மறுநாளே தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. "வீட்டுச் சீக்க ஊருக்குப் படிச்சுக் காட்டுதியோட்டி? நாளைக்கு உன்ன எவன் கேட்டு வருவான்?" என்று வடிவு அத்தை என் பேனாவைப் பிடுங்கி மாடி ஷெட்டின் மேல் எறிந்தாள். அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது. அதனால்தான் இப்போது ராத்திரியில் எழுதுகிறேன்.

அத்தை அப்பாவின் அக்கா. எங்களோடுதான் இருக்கிறாள். குகனுக்குப் பதினான்கு மாதம். இரண்டு மாதக் குழந்தையாக இருந்தபோது மதுரையில் அவன் நெஞ்சைத் திறந்து, இதயத்தின் மேல் வயரைத் தைத்து, பெட்டியை வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்தார்கள். பெரியவர்களுக்குத் தோளுக்குக் கீழே வைப்பார்களாம். இவனுக்கு அங்கே இடம் இல்லை. தொப்புளுக்கு மேலே, இடது பக்கம், தடவினால் சின்னத் தீப்பெட்டி போல் கையில் தட்டும்.

இன்று சாயங்காலம் அவனைக் குளிப்பாட்டும்போது அந்தப் பெட்டியின் கீழ் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு பார்த்தேன். அரைஞாண் உரசும் இடம். அம்மாவைக் கூப்பிட்டேன்.

"வேர்க்குருட்டி. இந்த வெயிலுக்கு வராம என்ன செய்யும்?" என்று அம்மா மஞ்சளைக் குழைத்து அப்பிவிட்டாள். பிறகு ஒரு செம்புத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தாள்.

வேர்க்குரு நேர்க்கோடாகவா வரும்?


ஆகஸ்ட் 8, வியாழன்

வகுப்பில் நிவேதிகா, "உன் தம்பிக்கு சார்ஜ் போட்டுட்டு வந்தியா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். "உங்க அண்ணனுக்கு மூளை போட்டுட்டு வா, பெறவு சொல்லுதேன்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். பேஸ்மேக்கருக்கு சார்ஜ் போட முடியாது, பேட்டரி தீர்ந்தால் மறுபடி ஆபரேஷன் செய்து பெட்டியையே மாற்ற வேண்டும் என்று இவர்களுக்கு யார் விளக்குவது?

எங்கள் வீட்டில் இருக்கும் கட்டுப்பாடுகளை எழுதினால் சிரிப்பாக இருக்கும். குகன் அடுப்படியில் இருந்தால் மிக்ஸி ஓடக் கூடாது. தொட்டில் பக்கம் போன் வரக் கூடாது. பிரிட்ஜ் கதவில் இருந்த காந்தக் கிளி குப்பைக்குப் போய்விட்டது. காந்த மூடி இருந்ததால் என் பென்சில் டப்பாவும் அதன் பின்னாலேயே போனது. டாக்டர் இதில் பாதியைச் சொல்லவே இல்லை. மிக்ஸி ஓட்டலாம், போன் பேசலாம், பெட்டியோடு ஒட்டி வைக்காதீர்கள், அவ்வளவுதான் என்றார். யார் கேட்டார்கள்?

எல்லோரையும் விட மோசம் அப்பா. அவர் பஜாரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். ஸ்பீக்கருக்குள் காந்தம், ஸ்க்ரூ டிரைவர் நுனியில் காந்தம் என்று அவருக்குப் பயம். கடையிலிருந்து வந்து குளித்து வேறு சட்டை போட்ட பிறகும் நிலைப்படியில் நின்றுதான் குகனைப் பார்ப்பார். ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா அவனைத் தூக்கி நான் பார்த்ததில்லை. அவன் "ப்பா" என்று கையை நீட்டினால் அப்பா விசிலடிப்பார்.

காந்தம் இல்லாத எல்லாமே இந்த வீட்டில் நல்லது. அரைஞாண் வெள்ளி. வெள்ளியைக் காந்தம் இழுக்காது.

ராத்திரி அம்மா அவனை மடியில் போட்டு அந்த அரைஞாண் கொடியின் கொக்கியைத் திருகிக்கொண்டே இருந்தாள். கழற்றப் போகிறாள் என்று நினைத்தேன். அத்தையின் செருப்புச் சத்தம் கேட்டதும் விட்டுவிட்டாள். காலையில் அம்மாவின் விரல்கள் வீங்கிக் கிடக்கும், தோசைக் கரண்டி கூடப் பிடிக்க முடியாது. அதோடு எதற்கு அந்தக் கொக்கியோடு விளையாட வேண்டும்? கழற்ற மனசில்லை என்றால் சும்மா இருக்கலாம்.


ஆகஸ்ட் 11, ஞாயிறு

அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன்.

"எப்பா, டாக்டர் வயித்துல எதையும் இறுக்கமாக் கட்டாதீங்கன்னு சொன்னாருல்லா?"

"சொன்னாரு. அதான் எலாஸ்டிக் டவுசரே போடுதது இல்லியே. கவுன் மாதிரிதான போட்டு வச்சிருக்கோம்?"

"அரைஞாண்?"

அப்பா என்னைப் பார்த்தார். உண்மையிலேயே அவருக்கு நான் கேட்டது புரியவில்லை. "அது கட்டுததாம்மா? அது உடம்போட இருக்கது" என்றார்.

உள்ளே இருந்து அத்தை வந்துவிட்டாள். "என்னவாம் அவளுக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. அரைஞாண் உறுத்துதாம்."

"உனக்குக் காதுல கம்மல் உறுத்துதா? கழட்டிப் போட்டுட்டு மொட்டக் காதோட பள்ளிக்கூடம் போறியா?" என்று என்னைக் கேட்டாள். பிறகு குரலை இறக்கிக்கொண்டாள். "ஆபரேஷனுக்குக் கொண்டு போகையில அந்த நர்சு கத்தரிய வச்சு என் கண்ணு முன்னாலயே கயித்த அறுத்தா. உசுரோட இருக்க பிள்ளைக்கு அறுப்பாவளா? செத்தாத்தான் அறுப்பாவ. வெறும் இடுப்போட கதவுக்குள்ள போனான். திரும்பி வர்ற வரைக்கும் பச்சத் தண்ணி பல்லுல படல எனக்கு."

அது பொய் இல்லை. அன்றைக்கு அத்தை அந்தக் கதவுக்கு எதிரேயே தரையில் உட்கார்ந்திருந்தாள். அதனால்தான் அத்தையை முழுசாக வெறுக்கவும் முடியவில்லை. எரிச்சலாக வருகிறது.


ஆகஸ்ட் 15, வியாழன்

பள்ளியில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தால் இங்கே பத்திரிகை வந்திருக்கிறது. முப்பதாம் தேதி வெள்ளிக்கிழமை சாஸ்தா கோயிலில் குகனுக்கு முடியிறக்கிக் காதுகுத்து. இசக்கிராஜா மாமா மடியில் வைத்துக் குத்த வேண்டும். மாமா அம்மாவின் தம்பி, சாத்தூரில் லோடு ஆட்டோ ஓட்டுகிறார்.

அந்த வெள்ளி அரைஞாண் மாமா போட்டது. குகனின் முதல் பிறந்தநாளுக்குப் பழைய கருப்புக் கயிற்றை எடுத்துவிட்டு அதைப் பூட்டினார். அதுவரை அத்தை, "தாய்மாமன் வீட்டுச் சீரு எங்க, இன்னும் கோயில்பட்டி எல்லை தாண்டலியோ?" என்று தினமும் கேட்பாள். அது வந்த பிறகுதான் அம்மா அத்தைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார ஆரம்பித்தாள்.

போட்டபோது தளர்வாகத்தான் இருந்தது. இப்போது குகன் குண்டாகிவிட்டான், நடக்கவும் ஆரம்பித்துவிட்டான். நிற்கும்போது கொடி கீழே கிடக்கும். குனிந்து எதையாவது எடுத்தால் மேலே ஏறி, பெட்டியின் ஓரத்தில் மாட்டிக்கொள்ளும். அவன் ஒரு நாளைக்கு எத்தனை தடவை குனிகிறான் என்று இவர்கள் யாராவது பார்த்திருக்கிறார்களா?


ஆகஸ்ட் 18, ஞாயிறு

இன்றும் மஞ்சள்தான். மஞ்சளுக்கு அடியில் என்ன நிறம் என்று யாருக்கும் தெரியாது.


ஆகஸ்ட் 20, செவ்வாய்

கைக்குட்டையை மடித்துக் கொடிக்கும் தோலுக்கும் நடுவில் வைத்தேன். அத்தை பார்த்துவிட்டு, "பிள்ளைக்குக் கோமணமா கட்டுத?" என்று உருவி எறிந்தாள்.

சரி என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த பேஸ்மேக்கர் அட்டையில் இருந்த நம்பருக்கு அம்மாவின் போனிலிருந்து அடித்தேன். தெருவில் நின்றுதான் பேசினேன். ஒரு சிஸ்டர் எடுத்தார்கள். சிவப்பாக இருக்கிறது, தொட்டால் சூடாக இருக்கிறது என்று சொன்னேன். அவர்கள் குரலே மாறிவிட்டது. "நீ யாரும்மா? எத்தனாவது படிக்கிற? பெரியவங்க பக்கத்துல இருக்காங்களா? குடு."

அதுவரை என்னை யாருமே இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. சந்தோஷமாக உள்ளே ஓடிப்போய் அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா பக்கத்தில் அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

அம்மா போனைக் காதில் வைத்தாள். அத்தையைப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல சிஸ்டர். வேர்க்குருதான். பிள்ள பயந்துட்டா. சரி. சரிங்க. கூட்டிட்டு வாரோம்" என்று வைத்துவிட்டாள்.

"யாரு?" என்றாள் அத்தை.

"செக்கப்புக்கு ஞாபகப்படுத்துதாவ மதினி. அடுத்த மாசம்."

நான் அம்மாவைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். எப்போது பார்த்தாலும் தண்ணீர். வாயை அடைப்பதற்கு அதுதான் வழி போல.


ஆகஸ்ட் 23, வெள்ளி

மதுரை என்றாலே அம்மாவுக்கு ஏன் இப்படி ஆகிறது என்று யோசித்தேன். ஆபரேஷன் முடிந்து ஒரு வாரத்தில் டாக்டர் அம்மாவை மட்டும் அறைக்குள் கூப்பிட்டார். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். அவர் ஏதோ ரத்தப் பரிசோதனை பற்றிச் சொன்னார். அம்மா, "எங்க மதினிகிட்ட மட்டும் சொல்லிராதீங்க சார்" என்று அழுதாள். செலவைப் பற்றி என்று நினைத்தேன். செலவு என்றால் அப்பாவிடம்தானே மறைக்க வேண்டும்?

பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி இன்று அத்தையிடம், பிறவியிலேயே எப்படி இப்படி வந்தது என்று கேட்டாள். "எங்க வம்சத்துல யாருக்கும் நெஞ்சுல கோளாறு கெடையாது" என்றாள் அத்தை, அடுப்படிப் பக்கம் பார்த்து. அடுப்படியில் ஏதோ கீழே விழுந்தது.


ஆகஸ்ட் 26, திங்கள்

கிருஷ்ண ஜெயந்தி, பள்ளி விடுமுறை. அத்தை குகனுக்கு மயிலிறகு சொருகி, அரைஞாணில் சலங்கை கோத்துவிட்டாள். இப்போது கொடி இன்னும் கனம். அவன் சலங்கைச் சத்தத்துக்காகவே குதிக்கிறான். எல்லோரும் கை தட்டுகிறார்கள். எனக்கு அவர்கள் வாயை எல்லாம் மூட வேண்டும் போல இருந்தது.

சாயங்காலம் உடம்பு சுட்டது. "பல்லு முளைக்கு" என்றாள் அத்தை. என் பாய் தொட்டிலுக்கு அடியில்தான். ராத்திரி அவன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். பயத்தால் இல்லை. அவன் போர்வையை உதைத்துவிடுவான், அதற்காக.


ஆகஸ்ட் 28, புதன்

மாமா வந்துவிட்டார். வாழைத்தார், பட்டுத்துண்டு, தங்கக் கடுக்கன், எல்லாம் கொண்டுவந்திருக்கிறார். "மருமவளே, ஆளு வளந்துட்டியே, எனக்கே அத்தை மாதிரி மொறைக்க" என்று தலையில் தட்டினார்.

கொடுத்தவரே கழற்றினால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. இதை நான் நிறைய யோசித்து வைத்திருந்தேன். மாமாவைக் கொல்லைக்குக் கூட்டிப்போய், குகனின் கவுனைத் தூக்கி, ஈரத்துணியால் மஞ்சளைத் துடைத்துக் காட்டினேன். மாமாவின் சிரிப்பு போய்விட்டது.

"என்னட்டி, இப்படிப் பளபளன்னு இருக்கு?"

"கொடிதான் மாமா. நீங்க கழட்டிருங்க."

கொக்கியில் கை வைத்தார். உள்ளே அத்தை யாரிடமோ, "தாய்மாமன் சீரு கொறையில்ல, சும்மா சொல்லக் கூடாது" என்று சொல்வது கேட்டது. மாமா கையை எடுத்துவிட்டார்.

"இப்போ கழட்டுனேம்னா, குடுத்தத திருப்பி எடுத்துட்டுப் போயிட்டான்னு உங்க அத்தை ஊரு பூரா சொல்லுவாவ. எங்க அக்காதான் காலம் பூரா கேக்கணும். வெள்ளிக்கிழம சடங்கு முடியட்டும். ஞாயித்துக்கிழம நானே கழட்டுதேன். இன்னும் நாலு நாளு. சரியா?"

அவர் நல்லவர். எல்லோரும் நல்லவர்கள்தான். எனக்குத் தலையைச் சுவரில் மோதிக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.


ஆகஸ்ட் 29, வியாழன்

அப்பாவின் கட்டிங் பிளேயரை எடுத்துப் பார்த்தேன். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.


ஆகஸ்ட் 30, வெள்ளி. மதுரை ஆஸ்பத்திரி

நோட்டு வீட்டில் இருக்கிறது. மீந்துபோன பத்திரிகையின் பின்பக்கம் எழுதுகிறேன். மாமா பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்குகிறார்.

காலையில் வாசலில் வேன் வந்து நின்றது. சொந்தக்காரர்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். பொங்கல் பானை, தேங்காய் மூட்டை, மாலைகள் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. குகனைக் குளிப்பாட்டும் வேலை எனக்கு. அம்மா துண்டு எடுக்கப் போயிருந்தாள். மஞ்சளைக் கழுவினேன். எல்லா மஞ்சளும் போன பிறகும் பெட்டியின் ஓரத்தில் ஒரு பாசிமணி அளவு மஞ்சள் போகவில்லை. கழுவக் கழுவத் திரும்ப வந்தது. அது மஞ்சள் இல்லை.

"அம்மா!" என்று கத்தினேன்.

"கத்தாமக் குளிப்பாட்டுட்டி, நேரமாச்சு!" என்று அத்தை கத்தினாள்.

குகன் அழுகையோடு குனிந்தான். கொடி ஏறி அந்த இடத்தில் மாட்டியது. அவன் வீல் என்று அலறினான். அந்த அலறலைக் கேட்ட பிறகு நான் யோசிக்கவில்லை. கொடி அவன் சதையில் அழுந்தியிருந்தது, கொக்கி ஈரத்தில் வழுக்கியது. பிளேயர் குளியலறை ஜன்னலில் இருந்தது. ஆமாம், காலையில் நான்தான் அங்கே கொண்டுவந்து வைத்தேன்.

டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கொடி சலங்கையோடு தரையில் விழுந்தது.

அத்தை வாசலில் நின்றிருந்தாள். முதலில் அவளுக்குச் சத்தமே வரவில்லை. பிறகு வந்தது, வேனில் இருந்தவர்கள் எல்லாம் இறங்கி ஓடிவரும் அளவுக்கு. "அறுத்துட்டாளே! உசுரோட இருக்க பிள்ளைக்கு அறுத்துட்டாளே!" என் கன்னத்தில் அறை விழுந்தது. ஒரு அறையா, இரண்டா என்று தெரியவில்லை.

"அத்தை, இங்க பாருங்க, சீழ், சீழ்" என்று நான் அவன் வயிற்றைக் காட்டுகிறேன். ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. குளியலறை வாசலில் அத்தனை பேர் நின்றார்கள். அத்தனை பேரும் தரையில் கிடந்த கொடியைத்தான் பார்த்தார்கள்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டு, "இனி சும்மா இருக்கக் கூடாது. பிள்ளைக்கு என்னமும் ஆயிரும். ஏல சம்முகம், காதுகுத்தும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். மிஷினு ஓடுதான்னு பாக்கணும். வண்டிய மதுரைக்கு விடச் சொல்லு!" என்று அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

இத்தனை நாளாக நான் கெஞ்சியது இதற்குத்தான். சிவப்புக்கு வராத பயம், சூட்டுக்கு வராத பயம், காய்ச்சலுக்கு வராத பயம், ஒரு துண்டு வெள்ளி அறுந்ததற்கு வந்தது.

அப்பா ஓடிவந்தார். கடைக்குப் போய் அப்போதுதான் திரும்பியிருந்தார், அதே கடைச் சட்டை, பையில் ஸ்க்ரூ டிரைவர். குகனை எடுக்கக் கையை நீட்டியவர் அப்படியே நின்றார். பிறகு பட்டன் தெறிக்கச் சட்டையைக் கழற்றித் தெருவில் எறிந்துவிட்டு, வெறும் உடம்போடு அவனை வாரி அணைத்துக்கொண்டு வேனில் ஏறினார். மதுரை வரைக்கும் இறக்கவில்லை. குகன் அப்பாவின் நெஞ்சு முடியைப் பிடித்துக்கொண்டே தூங்கிவிட்டான்.

மாலை கட்டிய வேன் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. செக்யூரிட்டி, "கல்யாண மண்டபம் அடுத்த தெரு சார்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. இப்போது எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. நிற்கவில்லை. அழுகையாகவும் வருகிறது.

டாக்டர் பார்த்ததும் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

பயமாக இருக்கிறது. முதல் நாளிலிருந்தே பயமாகத்தான் இருந்தது.


செப்டம்பர் 3, செவ்வாய்

பெட்டியையும் வயரையும் எடுத்துவிட்டார்கள். தோல் மெலிந்து, கிருமி பெட்டி வரைக்கும் போயிருந்ததாம். ரத்தத்தில் இன்னும் பரவவில்லையாம். இப்போதைக்கு ஒரு வயர் வெளியே வந்து, கட்டிலில் தொங்கும் ஒரு மிஷினில் சேர்கிறது. அதில் சின்ன விளக்கு ஒன்று மினுங்குகிறது. அது மினுங்கும் ஒவ்வொரு தடவையும் குகன் உயிரோடு இருக்கிறான். கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கண்ணை எடுக்கப் பயமாக இருந்தது. ஊசி மருந்தெல்லாம் முடிந்து கிருமி போன பிறகு வலது பக்கத்தில் புதுப் பெட்டி வைப்பார்களாம்.

"இடுப்புல என்ன கட்டியிருந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணும் கட்டலியே சார்" என்றார் அப்பா. பிறகு மெதுவாக, "அரைஞாண் மட்டும்தான்" என்றார்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதைத்தாங்க நானும் சொன்னேன்" என்றார். ஸ்க்ரூ டிரைவரைப் பற்றி அப்பா கேட்டதற்கு, "பையில இருந்தா ஒண்ணும் ஆகாது. தாராளமாத் தூக்குங்க" என்றார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.


செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. ஆஸ்பத்திரியில் யாரோ சுண்டல் கொடுத்தார்கள்.

அத்தை வராந்தாவில் போவோர் வருவோரிடமெல்லாம் ஒரே கதையைச் சொல்கிறாள். "நல்லாத்தான் இருந்தான் பிள்ள. இவ ஆத்திரத்துல அரைஞாண அறுத்தா. அறுத்த நேரம், அன்னைக்கே சீழ் வச்சிட்டு." கேட்கிறவர்கள் என்னைப் பார்த்து உச் கொட்டுகிறார்கள். டாக்டர் சொன்ன பிறகும் இதுதான். இனி எத்தனை வருஷம் ஆனாலும், என் கல்யாணப் பந்தலில் கூட இந்தக் கதையைத்தான் சொல்வாள். என்ன சொன்னாலும் யார் கேட்கப் போகிறார்கள்?

அம்மாதான் எழுந்தாள். தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"மதினி, அவ அறுத்ததால வரல. ஒரு மாசமாவே இருந்துச்சு. அவ சொன்னா. நான்தான் மஞ்சளப் பூசிப் பூசி மூடி வச்சேன்."

"என்ன சொல்லுத கோமதி?"

"மதுரைக்கு வந்தா டாக்டரு உங்க முன்னால சொல்லிருவாருன்னு பயம். கொக்கிய நானே கழட்டப் பாத்தேன். இந்த வெரலுக்கு முடியல." அம்மா வீங்கிய விரல்களை விரித்துக் காட்டினாள். "எனக்கு ஒரு சீக்கு இருக்கு மதினி. கண்ணும் வாயும் காஞ்சு போவும், மூட்டு வீங்கும். அது என் ரத்தத்துல ஓடுது. அதுதான் வயித்துல இருக்கையிலயே குகன் நெஞ்சத் தொட்டுருச்சு. போன வருஷமே சொன்னாவ. மருந்தும் எழுதிக் குடுத்தாவ. மாத்திரையப் பாத்தா நீங்க கேப்பியன்னு வாங்கவே இல்ல."

வராந்தா முழுக்கக் கேட்டது. எனக்கு அந்தத் தண்ணீர்ச் செம்பெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஒவ்வொரு தடவையும் அதை எப்படி எழுதி வைத்திருக்கிறேன் என்பதும்.

"வம்சம் வம்சம்னு நான் சொல்லையிலல்லாம் கேட்டுக்கிட்டா இருந்த?" என்றாள் அத்தை. பிளாஸ்கை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். திரும்பி வந்து முதல் டம்ளரை அம்மா கையில் வைத்தாள். "சூடு. பாத்துக் குடி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, யாரையும் பார்க்காமல், "இருந்தாலும் ஒருத்தி அறுப்பாளா?" என்று முணுமுணுத்தாள்.


செப்டம்பர் 29, ஞாயிறு

நேற்று வீட்டுக்கு வந்தோம். குகனுக்கு வலது பக்கம் புதுத் தீப்பெட்டி, இடது பக்கம் தழும்பு. நடக்கவே மறந்துவிட்டான், மறுபடி சுவரைப் பிடிக்கிறான். காலாண்டுத் தேர்வு முழுக்கப் போய்விட்டது. பள்ளியில் என்ன சொல்லப் போகிறேனோ தெரியவில்லை. அம்மா அலமாரியின் மேல்தட்டில் மாத்திரை டப்பாவை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறாள். அறுந்த கொடியை மாமா சாத்தூருக்குக் கொண்டுபோய்விட்டார், உருக்கித் தண்டை செய்யப் போகிறாராம். தண்டையாம்! நல்லவேளை, அது காலுக்கு.

இன்று காலை அப்பா கடைச் சட்டையோடு குகனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு தெருவில் நின்றார். அப்போது அத்தை கோயிலிலிருந்து வந்தாள். கையில் கருப்புக் கயிறு. மறுபடி முதலிலிருந்தா? கத்துவதற்கு வாயைத் திறந்தேன்.

அத்தை கயிற்றை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு அவன் முன்னால் நின்றாள். இடுப்பைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். கடைசியில் என் பக்கம் திரும்பினாள். முகத்தில் கோபம் அப்படியேதான் இருந்தது.

"வெறுமன விட மனசு வரல. எங்கட்டி கட்டணும், சொல்லு."

"கால்ல" என்றேன்.

அத்தை உட்கார்ந்து, அவன் கணுக்காலில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். நான் குனிந்து கயிற்றுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். போகவில்லை.

"இறுக்கமா இருக்கு அத்தை."

முறைத்தாள். பிறகு முடிச்சை அவிழ்த்துத் தளர்த்திக் கட்டினாள்.